அத்தியாயம் 6: எலித் தாடையைப் படிப்பது எப்படி?

முதலிபாளையத்துப் பாறைக்குழிகளில் இறங்கி எலியின் தொல்லெச்சம் தேட வேண்டாம். அங்கே ஜல்லிக்காக உடைபட்ட கல்லெல்லாம் பூமிக்கடியில் வெந்து உருமாறிய பாறை. வயது 50 கோடி ஆண்டுகளுக்கும் மேல். கொறிக்கும் விலங்கு என்ற கூட்டம் உலகில் தலைகாட்டியே 6 கோடி ஆண்டு ஆகவில்லை. அந்தக் கல்லை எத்தனை லோடு உடைத்தாலும் ஒரு பல்கூடக் கிடைக்காது.

தேட வேண்டியது பாறைக்கு மேலே கிடக்கும் மண்ணில். கிணறு வெட்டும்போதும், சாயத் தண்ணீர்த் தொட்டிக்குக் குழி தோண்டும்போதும், வண்டல் அடுக்கும் அதற்குக் கீழே வெளுத்த சுக்கான்கல் அடுக்கும் வெளிப்படும். அங்கே எலும்புத் துணுக்கு கிடைக்க வாய்ப்பு உண்டு. அது சில நூறு ஆண்டுகளோ சில ஆயிரம் ஆண்டுகளோ பழையதாக இருக்கலாம். முழுதாகக் கல்லாகியிருக்காது. ஆனாலும் படிக்கும் முறை ஒன்றுதான்.

மண்ணுக்கும் முன்னால் போக வேண்டிய இடம் ஒன்று உண்டு. ஓடு சரிந்து பூட்டிக் கிடக்கும் பழைய குடோன், அல்லது தண்ணீர் வற்றிய கிணறு. "ஏனுங்கண்ணா, உங்க பழைய குடோன்ல கூகை அடையுதுங்களா?" என்று கேட்டால் பெரும்பாலும் பதில் கிடைக்கும். கூகை எலியை முழுதாக விழுங்கிவிட்டு, செரிக்காத மயிரையும் எலும்பையும் உருண்டையாகக் கக்கிவிடும். அது அடையும் விட்டத்துக்கு நேர் கீழே இந்த உருண்டைகள் குவிந்து கிடக்கும். ஒன்றைப் பிரித்தால் இரண்டு மூன்று எலிகளின் தாடைகள் பல்லோடு இருக்கும். கூட்டில் குஞ்சு இருந்தால் அந்தப் பக்கமே போகக் கூடாது. பகலில் அது தூங்கும்போது போய்க் கலைக்கவும் வேண்டாம். பறவை வெளியே போயிருக்கும் நேரத்தில் சத்தமில்லாமல் கீழே கிடப்பதை மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

இன்றைய எலியிலிருந்து ஏன் தொடங்க வேண்டும்

தொல்லெச்சம் பற்றிய நூலில் இன்றைய எலிக்கு என்ன வேலை என்று கேட்பவர்களுக்குக் கர்னூல் குகைகள்தான் பதில். ஆந்திரத்தில் பேத்தஞ்செர்லா பக்கத்தில் பில்லாசுர்கம் என்ற சுண்ணாம்புக் குகைத் தொகுதி இருக்கிறது. 1863-இல் பல்லாவரத்தில் கற்கோடரியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட்தான் 1884-இல் இங்கும் அகழ்வைத் தொடங்கினார். வேலையைத் தொடர்ந்து நடத்தியவர் அவருடைய மகன் ஹென்றி. கிடைத்த எலும்புகளை ரிச்சர்ட் லைடெக்கர் ஆராய்ந்து 1886-இல் வெளியிட்டார். அந்தப் பட்டியலில் முள்ளம்பன்றியும் எலிகளும் உண்டு.

அதே குகைகளில் புதிதாக அகழ்ந்து காலம் கணித்த ஆய்வு ஒன்று 2014-இல் வெளியானது. கடந்த 2 லட்சம் ஆண்டு அடுக்குகளில் அடையாளம் கண்ட 21 பாலூட்டி வகைகளில், ஒன்றைத் தவிர மற்றவை எல்லாம் இந்தியத் துணைக்கண்டத்தில் இன்றும் வாழ்கின்றன என்று அது சொன்னது. பனியுகத்தின் பிற்பகுதியில் பல கண்டங்களில் பெரிய விலங்குகள் கூட்டம் கூட்டமாக அழிந்தன. இங்கே பழைய குடிகள் பெரும்பாலும் அப்படியே தங்கிவிட்டன.

நமக்கு இதில் இருக்கும் நன்மை நேரடியானது. தென்னிந்தியாவில் 1 லட்சம் ஆண்டு பழைய தாடை ஒன்று கிடைத்தாலும், அதற்குரிய பெயர் பெரும்பாலும் இன்றைய வயலில் ஓடிக்கொண்டிருக்கும் எலியின் பெயராகவே இருக்கும். ஒப்பிட ஒரு தாடைப் பெட்டி கையில் இல்லாமல் தொல்லெச்சத்தை மட்டும் வைத்துக்கொண்டு பெயர் தேடுவது வீண் வேலை. எனவே முதல் ஆறு மாதம் கூகை உருண்டை மட்டும் பிரியுங்கள் என்பதே என் ஆலோசனை. சலிப்பாகத்தான் இருக்கும். ஆனால் அதைத் தாண்டி வந்தவர்களுக்குத்தான் மண்ணில் கிடைக்கும் ஒற்றைப் பல் பேச ஆரம்பிக்கும்.

கையில் என்ன வேண்டும்

இந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. பனியன் கம்பெனியில் துணியின் கண்ணியை எண்ணுவதற்கு வைத்திருக்கும் மடக்கு லென்ஸ், கவுண்டிங் கிளாஸ், எலிப்பல் பார்க்கவும் சரியான கருவி. சதுரச் சட்டத்தின் ஓரத்திலேயே அளவுகோல் பொறித்திருக்கும். பல்லை அந்தச் சட்டத்துக்குள் வைத்தால் உருவத்தையும் நீளத்தையும் ஒரே பார்வையில் எடுத்துவிடலாம். கல்லூரியில் ஸ்டீரியோ நுண்ணோக்கி இருந்தால் நல்லது. இல்லையென்று வேலையை நிறுத்தத் தேவையில்லை.

சல்லடைக்கும் வெளியூர் போக வேண்டாம். ஸ்கிரீன் பிரிண்டிங் சாமான் விற்கும் கடையில் இருப்பதிலேயே பரும்படியான வலையைக் கேளுங்கள். கவுண்டிங் கிளாஸால் எண்ணிப் பார்த்தால் ஓர் அங்குலத்துக்கு ஏறக்குறைய 30 கண் இருக்க வேண்டும். கண் ஒவ்வொன்றும் அரை மில்லிமீட்டர் சுமாருக்கு வரும். சுண்டெலியின் மிகச் சிறிய பல்லும் அதில் தங்கிவிடும். கொசுவலையை நம்பாதீர்கள். கடைசிக் கடைவாய்ப்பல் அதில் ஓடிவிடும், அது இல்லாமல் பாதி விலங்குகளைப் பிரித்தறிய முடியாது.

மண்ணை முதலில் வெயிலில் நன்றாகக் காய வைக்க வேண்டும். ஈரக் களிமண்ணை நேராகத் தண்ணீரில் போட்டால் கரையாமல் உருண்டு நிற்கும். முற்றிலும் காய்ந்த கட்டியைத் தண்ணீரில் இட்டால் தானே நெக்குவிட்டுப் பொரிந்துவிடும். அதன்பிறகு சல்லடையைத் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்தி மெதுவாக ஆட்டினால் போதும். மேலிருந்து குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சினால் மெல்லிய தாடை நொறுங்கும்.

சுக்கான்கல்லில் ஒட்டிய எலும்பை ஆணியால் சுரண்டாதீர்கள். சாயப்பட்டறையில் துணியை நியூட்ரல் செய்யப் பயன்படுத்தும் அசிட்டிக் ஆசிட் இதற்கும் உதவும். ஒரு பங்கு ஆசிட், 19 பங்கு தண்ணீர். தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும், கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு, காற்றோட்டமான இடத்தில். எலும்பு வெளியே தெரியத் தெரிய எடுத்துக் கழுவி, மறுபடி வையுங்கள். கடைசியில் ஆசிட்டில் ஊறிய நேரத்தைப்போல் இரண்டு மடங்காவது நல்ல தண்ணீரில் ஊற வேண்டும். கழிவறை கழுவும் ஆசிட் வேண்டவே வேண்டாம், அது சுண்ணாம்போடு சேர்த்து எலும்பையும் தின்றுவிடும். மீந்ததைச் சுண்ணாம்புக்கல் போட்டு வலுவிழக்கச் செய்தபிறகே கொட்டுங்கள். நொய்யலுக்கு இந்த ஊர் ஏற்கெனவே செய்தது போதும்.

கூகை உருண்டையைத் தொடும் முன் கிருமி நீக்குவது அவசியம். உருண்டையை அலுமினியத் தாளில் சுற்றி, இதற்கென்றே ஒதுக்கிய பழைய பிரஷர் குக்கரில் அரை மணி நேரம் ஆவியில் வையுங்கள். செத்த எலியை நேரடியாகக் கையாளுவதாக இருந்தால் கையுறை இல்லாமல் கூடாது. எலிக்காய்ச்சல் விளையாட்டல்ல.

முதல் கேள்வி: இது கொறிக்கும் விலங்கா?

தாடையின் முன்முனையில் உளிபோல் வளைந்த ஒரே ஒரு வெட்டுப்பல். அதன்பின் பல்லே இல்லாத வெற்றிடம். அதற்கும் பின்னால் நெருக்கமாகக் கடைவாய்ப்பற்கள். கோரைப்பல் கிடையாது. இந்த அமைப்பு இருந்தால் பெரும்பாலும் கொறிக்கும் விலங்குதான்.

குழப்புகிறவை இரண்டு. ஒன்று மூஞ்சூறு. எலிபோல் ஓடினாலும் அது எலிக்கூட்டமில்லை. அதன் தாடையில் வெற்றிடம் இருக்காது. முன்னிருந்து பின்வரை கூரான பற்கள் வரிசையாக நிற்கும். கூகை உருண்டைகளில் மூஞ்சூறு தாராளமாக வரும். இன்னொன்று முயல். வெற்றிடம் அதற்கும் உண்டு, ஆகவே அவசரப்பட்டால் ஏமாந்துவிடுவோம். முயலின் மேல் வெட்டுப்பல்லுக்கு நேர் பின்னால் குச்சிபோல் இன்னொரு சிறு பல் ஒளிந்திருக்கும். கொறிக்கும் விலங்குக்கு அது கிடையாது.

தனி வெட்டுப்பல் மட்டும் கிடைத்தால் எனாமலைப் பாருங்கள். கொறிக்கும் விலங்குக்கு எனாமல் முன்புறத்தில் மட்டுமே படிந்திருக்கும். பின்புறம் வெறும் டென்டைன். மென்மையான பின்புறம் சீக்கிரம் தேய, கடினமான முன்புறம் தேயாமல் நிற்க, பல் தன்னைத்தானே சாணை பிடித்துக்கொள்கிறது. முயலுக்கு எனாமல் சுற்றிலும் இருக்கும். முறிந்த குறுக்குவெட்டை லென்ஸில் பார்த்தாலே இந்த வேறுபாடு தெரியும். எலியின் முன்பல் ஆரஞ்சு நிறத்தில் இருப்பது உயிரோடு இருக்கும்போது. மண்ணில் கிடந்தால் நிறம் மாறும், ஆகையால் நிறத்தை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். வளைவு அதிகமாக, சிறு வட்டத்தின் துண்டுபோல் இருந்தால் மேல் வெட்டுப்பல். நீண்டு மெல்ல வளைந்திருந்தால் கீழ் வெட்டுப்பல்.

கீழ்த்தாடை: இடதா, வலதா

கீழ்த்தாடை இரண்டு பாதியாகத்தான் கிடைக்கும். வெட்டுப்பல் உங்களைவிட்டு விலகி முன்னோக்கி இருக்க, கடைவாய்ப்பற்கள் மேலே பார்க்க, தாடையைப் பிடியுங்கள். ஒரு பக்கத்தில் மெல்லும் தசை பற்றியிருந்த வரம்பு ஓடும், அது வெளிப்புறம். மறுபக்கம் வழவழப்பாக, பின்பகுதியில் நரம்பு நுழையும் ஒரு துளையோடு இருக்கும், அது உட்புறம். வெளிப்புறம் இடக்கைப் பக்கம் இருந்தால் இடத்தாடை. இதைத் தவறாமல் குறித்து வையுங்கள். குறைந்தது எத்தனை எலிகள் என்று கணக்கிட இதுதான் ஆதாரம். 7 இடத்தாடையும் 4 வலத்தாடையும் இருந்தால் எலிகள் 7-க்குக் குறையாது.

வெட்டுப்பல்லின் அடி எங்கே முடிகிறது என்பதையும் பாருங்கள். வெளியே தெரிவது கொஞ்சம்தான். மீதி கடைவாய்ப்பற்களுக்கு அடியிலேயே ஓடி, எலிகளில் கடைசிப் பல்லுக்கும் பின்னால் போய் ஒரு புடைப்பாக முடியும்.

அடுத்தது தாடையின் பின்கீழ் மூலை. எலியிலும் அணிலிலும் அது வெட்டுப்பல் ஓடும் அதே தளத்திலிருந்து பின்னோக்கி நீளும். முள்ளம்பன்றியில் அந்த மூலை வெட்டுப்பல்லின் தளத்தைவிட்டு வெளிப்பக்கமாகக் கிளம்பும். கொறிக்கும் விலங்குகளை இரு பெரும் பிரிவாகப் பிரிக்க நூறாண்டுக்கும் மேலாக அறிஞர்கள் இதைத்தான் பார்க்கிறார்கள். பல்லே இல்லாத தாடையிலும் இது நிலைத்திருக்கும்.

கடைவாய்ப்பற்கள்: எண்ணு, பிறகு பார்

முதலில் எண்ணிக்கை. கீழ்த்தாடையில் 3 கடைவாய்ப்பல் என்றால் எலிக்குடும்பம் அல்லது வெள்ளெலிக் கூட்டம். 4 என்றால் அணில் அல்லது முள்ளம்பன்றி. இந்த இரண்டுக்கும் அளவிலேயே ஏணி வைத்தாலும் எட்டாது, குழப்பம் வராது. அணிலின் பல் நடுவில் குழிந்து ஓரங்களில் மேடாக இருக்கும். முள்ளம்பன்றியின் பல் உயரமானது, எனாமல் மடிப்பு மடிப்பாக உள்ளே புகுந்திருக்கும். தேயத் தேய அந்த மடிப்புகள் அறுபட்டுத் தனித்தனித் தீவுகளாக நிற்கும். ஒரே முள்ளம்பன்றியின் இளமைப் பல்லும் முதுமைப் பல்லும் வேறு வேறு விலங்கு என்றே தோன்றும்.

3 பல் உள்ளவையில்தான் உண்மையான வேலை. எலிக்குடும்பத்தின் மேல் கடைவாய்ப்பல்லில் குமிழ்கள் மூன்று மூன்றாகக் குறுக்கு வரிசையில் நிற்கும். கீழ்ப்பல்லில் இரண்டிரண்டாக. தனிப் பல் கிடைத்தால் மேலா கீழா என்று இதை வைத்தே சொல்லிவிடலாம். மேற்பல்லின் குமிழ்களுக்கு 1912-இல் ஜெரிட் மில்லர் 1 முதல் 9 வரை எண் கொடுத்தார். இன்றும் ஆய்வுக் கட்டுரைகளில் அந்த எண்கள்தான். படம் வரையும்போது குமிழ்களுக்கு இந்த எண்களைப் போட்டுப் பழகுங்கள், பிறகு எந்தக் கட்டுரையும் புரியும்.

இனி நம் பக்கத்து எலிகள். மேல்தாடையில் மூன்று கடைவாய்ப்பற்களின் வரிசை சுமார் 3 முதல் 3.5 மில்லிமீட்டர் நீளம் என்றால் சுண்டெலி. அதன் முதல் பல் மிகப் பெரியது. மற்ற இரண்டையும் சேர்த்த நீளத்துக்கு ஈடாக இருக்கும். கடைசிப் பல் பொட்டளவுதான். வீட்டுச் சுண்டெலியின் மேல் வெட்டுப்பல் நுனியைப் பக்கவாட்டில் பார்த்தால் படிபோல் ஒரு வெட்டு தெரியும். வரிசை 6 முதல் 7 மில்லிமீட்டர் என்றால் வீட்டெலி அளவு. 10 மில்லிமீட்டரைத் தொட்டால் பெருச்சாளி. பெருச்சாளியின் பல்லில் குமிழ்கள் தனித்தனியாக நிற்காமல் ஒட்டிக்கொண்டு குறுக்குத் தகடுகளாகியிருக்கும்.

வெள்ளெலிக்கும் தகடுகள்தான். ஆனால் அதன் கணக்கு சுத்தமானது. முதல் பல்லில் 3 தகடு, இரண்டாவதில் 2, கடைசியில் 1. மேல் வெட்டுப்பல்லின் முன்முகத்தில் நீளவாக்கில் ஒரு பள்ளம் ஓடும். பெருச்சாளிக் கூட்டத்துக்கு அந்தப் பள்ளம் இல்லை. கீழ்த்தாடை மட்டுமே கிடைத்தால் கடைசிப் பல்லைப் பாருங்கள். ஒரே தகடு என்றால் வெள்ளெலி, இரண்டு என்றால் பெருச்சாளிப் பக்கம். சல்லடையில் கடைசிப் பல்லைத் தவறவிடக் கூடாது என்று சொன்னது இதற்குத்தான். பள்ளம் விழுந்த மேல் வெட்டுப்பல் இன்னொன்றுக்கும் உண்டு, புதர் எலிக்கு. அதன் கடைவாய்ப்பல் அகலமானது, குமிழ்கள் தடித்துப் பிதுங்கி நிற்கும், தகடாகாது.

பல் உதிர்ந்த தாடையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். வெறும் பல்குழிகளையும் எண்ணலாம். மேல்தாடையின் முதல் கடைவாய்ப்பல்லுக்கு வீட்டெலியில் 5 வேர், சுண்டெலியில் 3. கீழ்த்தாடையில் முறையே 4, 2. வேர் போன இடத்தில் குழி இருக்கும். மெல்லிய தூரிகையால் மண்ணை எடுத்துவிட்டு, பக்கவாட்டிலிருந்து டார்ச் அடித்தால் குழிகள் நிழலோடு துலங்கும். நேரே மேலிருந்து அடித்தால் ஒன்றும் தெரியாது.

தேய்மானத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். குட்டியின் பல்லில் குமிழ்கள் கூராக இருக்கும். வயது ஏற ஏற ஒவ்வொன்றின் தலையும் தேய்ந்து டென்டைன் தெரியும், பக்கத்துக் குமிழ்கள் ஒன்று சேரும், கடைசியில் எல்லாம் ஒரே சமதளமாகிவிடும். கிழட்டு வீட்டெலியின் பல் தகடுபோலவே தோன்றும். அதனால் ஒப்பீட்டுப் பெட்டியில் ஒவ்வொரு வகைக்கும் குட்டி, இளசு, கிழடு மூன்றும் இருக்கட்டும்.

இன்னும் பழைய காலம்

சிவாலிக் மலைகளுக்குப் போனால் இந்தப் பெட்டி உதவாது. பாகிஸ்தானின் பொட்வார் மேட்டுநிலத்தில் லூயிஸ் ஜேக்கப்ஸ் 1977-இல் பெயரிட்ட ஆன்டெமஸ், சுமார் 1.4 கோடி ஆண்டு பழையது. இன்றைய எலிக்குடும்பத்தின் மிகப் பழைய உறவுகளில் ஒன்று. மேற்பல்லின் உட்பக்கத்தில் மூன்றாவது குமிழ் வரிசை உருவாகி வருவதை அங்கே அடுக்கடுக்காகப் பார்க்கலாம். எலியும் சுண்டெலியும் எப்போது பிரிந்தன என்று மரபணு ஆய்வாளர்கள் கணக்குப் போட இந்தப் பொட்வார்ப் பற்களையே நங்கூரமாக வைத்தார்கள். இந்தியப் பக்கத்துச் சிவாலிக்கில் சண்டிகர் பஞ்சாப் பல்கலைக்கழகத்தின் ராஜீவ் பட்நாயக் இதே வேலையைப் பல்லாண்டு செய்திருக்கிறார். அதற்கும் முந்தைய இயோசீன் காலத்துப் பற்கள் ஜம்முவின் காலாகோட் பக்கம் கிடைத்தன. 1973-இல் அவற்றில் ஒன்றுக்குத் தொல்தாவரவியலாளர் பீர்பல் சாஹ்னியின் நினைவாகப் பீர்பலோமிஸ் என்று பெயரிட்டார்கள். எல்லைக்கு அப்பால் கிடைத்த ஒன்றுக்குச் சப்பாத்திமிஸ் என்று பெயர் வைத்தார்கள். பெயர் வைக்கிறவர்களுக்கும் பசிக்கும்போல.

பழையதா, நேற்றையதா

எலி வளை தோண்டும். 2,000 ஆண்டு பழைய அடுக்கில் எலித் தாடை கிடைத்தால், போன மழையில் வளைக்குள் செத்த பெருச்சாளியாகவும் இருக்கலாம். அடுக்கின் வெட்டுமுகத்தில் வேறு நிற மண் நிரம்பிய வட்டமோ நீள்வட்டமோ தெரிந்தால் அது பழைய வளை. அதற்குள் கிடைத்ததைத் தனிப் பையில் போடுங்கள். தலையிலிருந்து வால்வரை ஒரே எலியின் எலும்பு வரிசையாகக் கிடந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். பல விலங்குகளின் தாடைகள் கலந்து, உடைந்து, சுற்றியுள்ள எலும்புகளின் அதே நிறத்தோடும் கறையோடும் இருந்தால் அடுக்குக்கு உரியவை என்று நம்பலாம்.

பல்லின் எனாமல் ஓரங்கள் அரித்தாற்போல் இருந்தால் ஏதோ ஒன்றின் வயிற்றுக்குள் போய் வந்திருக்கிறது. பீட்டர் ஆண்ட்ரூஸ் 1990-இல் எழுதிய நூல் இதைப் படிப்படியாகப் பிரித்துக் காட்டியது. கூகை அதிகம் அரிக்காது. பகல் வேட்டைப் பறவைகளும், நரி போன்ற பாலூட்டிகளும் மோசமாக அரித்துவிடும். உங்கள் கூகைப் பெட்டியிலுள்ள பற்களை லென்ஸில் பார்த்துப் பழகியிருந்தால் இதுவும் பிடிபடும்.

தொல்லியல் துறை அறிவித்த இடங்களில் ஒரு பிடி மண்ணும் தோண்டக் கூடாது. கொடுமணல் பக்கத்தில் இருக்கிறதே என்று போய்க் கிளற வேண்டாம். அது சட்டப்படி குற்றம். அகழாய்வுக் குழுவிடம் கேட்டு, அவர்கள் சலித்துக் கழிக்கும் மண்ணைப் பார்க்க அனுமதி வாங்குவதுதான் வழி.

சீட்டில் என்ன எழுதுவது

ஒரு மாதிரி. குடோன் உருண்டையிலிருந்து வந்த பாதித் தாடை: வெளி வரம்பு இடக்கைப் பக்கம், கடைவாய்ப்பல் 3, தகடுகள் 3, 2, 1, கடைசிப் பல் தேய்ந்து வட்டமாகியிருக்கிறது. சீட்டில் எழுத வேண்டியது: "வெள்ளெலி, இடக் கீழ்த்தாடை, முதிர்ந்தது". இடம், தேதி, எடுத்தவர் பெயர், எந்த உருண்டை என்பதும் சேர வேண்டும். அதே தாடையில் கடைசிப் பல் உதிர்ந்து, முன்னிரண்டும் சமதளமாகத் தேய்ந்திருந்தால், "வெள்ளெலியோ பெருச்சாளிக் கூட்டமோ, இடக் கீழ்த்தாடை" என்பதோடு நிறுத்துங்கள். தகடுகளே தெரியவில்லை என்றால் "கொறிக்கும் விலங்கு, 3 கடைவாய்ப்பல்". பேரினத்தோடு நின்ற சீட்டை அடுத்தவர் ஒருநாள் முன்னெடுத்துப் போவார். ஊகித்து எழுதிய சிற்றினப் பெயரைத் திருத்த அவர் முதலில் உங்கள் பெட்டி முழுவதையும் மறுபடி பார்க்க வேண்டியிருக்கும். பென்சிலால் எழுதுங்கள், பேனா மை ஈரத்தில் கரையும். சந்தேகமானவற்றைத் தனி டப்பியில் பஞ்சு வைத்து அடைத்து, சென்னையில் உள்ள இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையத்துக்கு முன்கூட்டியே கடிதம் எழுதி, நேரம் வாங்கிக்கொண்டு எடுத்துப் போகலாம். பஞ்சு தாடையின் முனைகளில் சிக்கி உடைக்கும், அதனால் இடையில் ஒரு மெல்லிய பனியன் துணித் துண்டு போட்டுக்கொள்ளுங்கள். கட்டிங் வேஸ்ட்டுக்கு இந்த ஊரில் பஞ்சமில்லை.